பைசா நகரும் பயணிகளின் கண்களும்

இத்தாலி நாட்டில் ஆர்னோ ஆற்றங்கரையில் அமைந்த பழம்பெரும் நகரம் பைசா. அதன் சாய்ந்த கோபுரத்தைப் பாடநூலில் பார்க்காத மாணவர் நம்மில் யார்? நான் அந்நகருக்குச் சென்றவனல்லன். ஆயினும் பௌதிகம் பயில்பவன் என்ற முறையில், சென்று வந்தோர் எழுதிவைத்தவற்றை ஆவலோடு படித்திருக்கிறேன். அவர்கள் கண்டதையும் அதன் காரணத்தையும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தமது இத்தாலியப் பயணத்தைப் பற்றி 1846-இல் ஒரு நூல் வெளியிட்டார். கோபுரத்தைக் கண்டதும் அவருக்கு உண்டானது ஏமாற்றமே! பள்ளிப் பருவத்தில் புத்தகத்தில் பார்த்து மனத்தில் வளர்த்த கோபுரம் பெரியது. நேரில் நின்றதோ சிறியது. அதன் உயரம் சுமார் 56 மீட்டர்தான். நம் டில்லிக் குதுப்மினாரோ 72 மீட்டருக்கு மேல். ஆகவே, இங்கிருந்து செல்லும் நம்மவரும் முதலில் ஏமாறக்கூடும். ஆனால் உச்சிக்கு ஏறியதும் டிக்கன்ஸுக்கு வேறோர் உணர்ச்சி தோன்றியது. கடல்நீர் வற்றியபின் ஒருபுறம் சாய்ந்துவிட்ட கப்பலில் நிற்பது போல் இருந்ததாம்.

1867-இல் சென்ற அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயினுக்கோ அச்சமே மேலிட்டது. தம் உடல் எடையே கோபுரத்தைக் கவிழ்த்துவிடுமோ என்று அஞ்சி, மெல்ல மெல்ல அடியெடுத்து வைத்ததை அவரே நகைச்சுவையுடன் கூறுகிறார்.

இவ்வுணர்ச்சிகளுக்குக் காரணம் என்ன? நம் செவியினுள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு, புவியீர்ப்பின் திசையைக் காட்டுகிறது. கண்ணோ சுவரையும் தூணையும் தளத்தையும் பார்த்து வேறொரு திசையைச் சொல்கிறது. இரண்டும் முரண்படும்போது தலை சுற்றுகிறது. ட்வெயினின் அச்சத்துக்குக் கணக்கு விடை சொல்லும். கோபுரத்தின் எடை சுமார் 14,500 டன். ஒரு மனிதனின் எடை அதில் ஏறக்குறைய இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு!

ஆனால் அபாயம் பொய்யன்று. அது மண்ணில் இருந்தது. 1173-இல் தொடங்கிய கட்டடம் மென்மையான களிமண் படிவின்மேல் எழுந்தது. சில ஆண்டுகளில் வேலை நின்றது. 1272-இல்தான் மீண்டும் தொடங்கியது. இந்த இடைவெளியில் களிமண் மெல்ல அழுந்தி இறுகியது. இடைவிடாமல் கட்டியிருந்தால் கோபுரம் அன்றே விழுந்திருக்கும் என்பது பொறியியல் அறிஞர் கருத்து. சாய்வைச் சரிசெய்ய எண்ணி, மேல்தளங்களைத் தாழ்ந்த பக்கத்தில் சற்று உயர்த்திக் கட்டினர். அதனால் கோபுரம் சாய்ந்திருப்பதோடு வளைந்தும் இருக்கிறது.

1989-இல் இத்தாலியின் பாவியா நகரில் ஒரு பழங்கோபுரம் திடீரென இடிந்து நால்வர் மாண்டனர். அதன்பின் 1990-இல் பைசா கோபுரம் மூடப்பட்டது. முதலில் வடபுறத்தில் ஈயப் பாளங்களை எடையாக வைத்தனர். பின்னர் அப்புறத்து அடிமண்ணைச் சிறிது சிறிதாகத் துளையிட்டு எடுத்தனர். கோபுரம் அரை பாகை அளவு நிமிர்ந்தது. உச்சி சுமார் 45 செண்டிமீட்டர் பின்வாங்கியது. 2001-இல் பயணிகளுக்கு மீண்டும் வழி திறந்தது. முழுவதும் நிமிர்த்த அவர்கள் எண்ணவில்லை. நிமிர்ந்த கோபுரத்தைக் காண யார் போவார்?

அருகிலுள்ள பேராலயத்தில் ஒரு விளக்கு தொங்குகிறது. 1583 வாக்கில் இளைஞர் கலிலியோ அதன் ஆட்டத்தைக் கண்டே ஊசலின் இயல்பை உணர்ந்தார் என்று கேட்டிருக்கிறோம். ட்வெயினும் அதை ஊசல்களுக்கெல்லாம் மூதாதையாகவே கண்டு மகிழ்ந்தார். ஆனால் இன்றுள்ள விளக்கு 1587-இல்தான் அங்கு வந்தது! கோபுரத்திலிருந்து பொருள்களைப் போட்டுக் காட்டிய கதையும் அவருடைய மாணவர் விவியானி பிற்காலத்தில் எழுதியதே. கலிலியோவின் நூல்களில் நாம் காண்பது, சாய்தளத்தில் குண்டுகளை உருட்டிப் பொறுமையோடு அளந்த சோதனையாகும். பைசாவின் உண்மையான பெருமை, அத்தகைய மனிதர் 1564-இல் அங்குப் பிறந்தார் என்பதே.

படித்த படத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொருவரும் பயணம் போகிறோம். தமிழகத்திலிருந்து வடக்கே வந்த நாமும் அப்படித்தானே வந்தோம்? கண்டபின் அளந்து பார்த்துத் திருத்திக்கொள்வது நம் கடமை. விடுமுறையில் ஆக்ராவுக்கோ காசிக்கோ செல்லும் நண்பர்கள், எதிர்பார்த்ததையும் கண்டதையும் இவ்விதழுக்கு எழுதுங்கள்.