மந்திரமும் நாமமும்: நம் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது?

ஜபத்தைப் பற்றி எழுதும் அளவுக்கு நான் பண்டிதன் அல்ல. அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். இருந்தாலும், டோம்பிவிலியில் நம் சங்கத்துச் சனிக்கிழமை பஜனையில் தவறாமல் உட்காருகிறவன் என்பதால் சில கேள்விகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. "தீட்சை இல்லாம மந்திரம் சொல்லலாமா?" "உச்சரிப்பு தப்பிப் போனா திருப்பி அடிக்குமாமே?" "பசங்களுக்குத் தமிழே படிக்க வரல, இதுல ஸம்ஸ்கிருதத்துக்கு எங்கே போறது?" பெரியவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை என் சிற்றறிவுக்கு எட்டியவரை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாம் எல்லாவற்றையும் 'மந்திரம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். உண்மையில் இங்கே மூன்று வகை கலந்து கிடக்கின்றன: வேத மந்திரம், மூல மந்திரம், நாமம். மூன்றுக்கும் விதிகள் வேறு.

வேத மந்திரத்துக்கு ஸ்வரம் முக்கியம். ஏற்றி, இறக்கிச் சொல்லும் முறை மாறினால் பொருளே மாறும். இதற்குச் சொல்லப்படும் கதை துவஷ்டாவின் யாகம். இந்திரனைக் கொல்லும் மகன் வேண்டும் என்று அவர் வேண்டினார். ஸ்வரம் பிசகியதால் இந்திரனால் கொல்லப்படும் மகனாக விருத்திரன் பிறந்தான். ஆகவே ருத்ரமோ, புருஷ ஸூக்தமோ கற்க விரும்புகிறவர் ஒரு வாத்தியாரிடம் உட்கார்ந்து வாய்ப்பாடமாகத்தான் கற்க வேண்டும். கேஸட்டையோ கைப்பேசியையோ கேட்டுக் கற்பது போதாது.

மூல மந்திரம் எழுத்துக் கணக்கில் நிற்பது. நமசிவாய ஐந்து, சரவணபவ ஆறு, ஓம் நமோ நாராயணாய எட்டு, ஓம் நமோ பகவதே வாசுதேவாய பன்னிரண்டு. ஐந்தெழுத்தில் ஓங்காரத்தைச் சேர்த்து எண்ணுவதில்லை. எட்டெழுத்தில் சேர்த்துத்தான் எண்ணுகிறோம். காயத்ரிக்கு 24 எழுத்து என்பார்கள். எண்ணிப் பார்த்தால் 23 தான் வரும். 'வரேண்யம்' என்பதை 'வரேணியம்' என்று பிரித்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும்.

ஒரு மூல மந்திரத்தை முறைப்படி 'புரச்சரணம்' செய்ய, எழுத்துக்கு ஒரு லட்சம் வீதம் ஜபிக்க வேண்டும் என்பது வழக்கு. ஐந்தெழுத்துக்கு 5 லட்சம். தினம் ஒரு மாலை, அதாவது 108 சொன்னால், 4,630 நாள் ஆகும். ஏறக்குறைய 12 வருஷம் 8 மாதம். தினம் பத்து மாலை என்றால் ஒன்றேகால் வருஷம். காயத்ரிக்கு 24 லட்சம். ஏழு வயதில் பூணூல் போட்ட பையன் தினமும் 108 சொல்லி வந்தால் அறுபத்தெட்டு வயதில்தான் முடிப்பான். இது பயமுறுத்த அல்ல. பழக்கத்தை ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும் என்பதற்காகவே இப்படி எண்ணிக்கை வைத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி நாமம். சிவா, ராமா, முருகா, மாரியம்மா என்று இஷ்ட தெய்வத்தின் பெயரைச் சொல்வது. இதற்கு நேரம், இடம், மடி, குலம், ஆண் பெண் என்ற எந்தக் கட்டுப்பாடும் இல்லை. இதையே சாஸ்திர விசாரம் செய்து நிலைநாட்டியவர்கள் நம் காவிரிக் கரைக்காரர்கள். கோவிந்தபுரத்தில் அதிஷ்டானம் கொண்டிருக்கும் போதேந்திர சரஸ்வதி சுவாமிகள், திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள், மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் ஆகிய மூவரையும் பஜனை சம்பிரதாயத்தில் இன்றும் முதலில் வணங்குகிறோம். ஐயாவாள் சிராத்த தினத்தன்று பசியோடு வந்த ஒரு தாழ்த்தப்பட்டவருக்கு அந்தச் சாப்பாட்டைக் கொடுத்தார் என்றும், பிராயச்சித்தமாகக் கேட்கப்பட்ட கங்கை அவர் வீட்டுக் கிணற்றிலேயே பொங்கியது என்றும் வரலாறு சொல்கிறது.

மும்பைக்காரர்களாகிய நமக்கு இதில் இன்னொரு உறவும் உண்டு. தஞ்சையை 1676 முதல் 1855 வரை மராட்டிய அரசர்கள் ஆண்டார்கள். அந்தத் தொடர்பில் நாமதேவர், துக்காராம் அபங்கங்கள் நம் பஜனையில் கலந்தன. சமர்த்த ராமதாசர் (1608–1681) நாசிக் அருகே டாக்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் ஜபித்ததாகச் சொல்லப்படும் 'ஸ்ரீராம ஜயராம ஜயஜயராம' என்ற பதின்மூன்று எழுத்து தஞ்சைக்கும் வந்தது. இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் 'விட்டல, விட்டல' என்று பாடும்போது பக்கத்து வீட்டு மராட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கிறார்.

சரி, உச்சரிப்பு பயத்துக்கு வருவோம். எங்கள் கட்டடத்தில் ஒரு பெண்மணி. கணவருக்கு இருதய ஆபரேஷன் தேதி குறித்திருந்த வாரம், பத்து வருஷமாகச் சொல்லிவந்த ஐந்தெழுத்தை நிறுத்திவிட்டார். "குரு உபதேசம் இல்லாம சொன்னா வீட்டுக்காரருக்கு ஆகாது" என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். "மாமா, நான் சொன்னதாலதான் அவருக்கு இப்படி ஆச்சா?" என்று கேட்டபோது அவர் கை நடுங்கியது.

நான் சொன்னது இதுதான். "அம்மா, ஸ்வரம் தப்பக்கூடாதுங்கறது யாகத்துக்கு. நமசிவாய என்பது யஜுர் வேதத்து ஸ்ரீருத்ரத்தின் எட்டாவது அனுவாகத்தில் இருக்கிற சொல் என்பது உண்மை. ஆனா அதை அப்பரும் சம்பந்தரும் 'நமச்சிவாய' என்று தமிழ் நாக்குக்குத் தக்கபடி பாடினாங்க. அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டப்போ அதைச் சொல்லித்தான் கரையேறினார்னு பெரியபுராணம் சொல்லுது. அவருக்கு ஆகாததா உங்களுக்கு ஆகப்போகுது?" உபதேசம் பெறுவது நல்லது, கிடைத்தால் பெற வேண்டியதுதான். கிடைக்கவில்லை என்பதற்காகப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று எந்தத் தெய்வமும் சொல்லவில்லை. ராமானுஜர் திருக்கோட்டியூரில், பதினெட்டு முறை நடந்து பெற்ற ரகசியப் பொருளை எல்லோருக்கும் வெளியிட்டார் என்ற கதையை நாம் எதற்காகச் சொல்லி வருகிறோம்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது டாக்டர்களின் திறமை. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறு மணி நேரம் அந்த அம்மாளைக் கலங்காமல் உட்கார வைத்தது ஐந்தெழுத்துதான். ஜபத்தின் பலன் என்று நான் கண்ணால் பார்த்தது இவ்வளவே.

எப்படிச் சொல்வது? பிறர் காதில் விழச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, மனத்துக்குள்ளேயே சொல்வது மானசம். ஒன்றைவிட ஒன்று உயர்ந்தது என்பார்கள். ஆனால் ஆரம்பத்தில் மானசம் என்று உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். குழந்தைகளுக்கு வாசிகமே நல்லது.

மாலை இல்லையா? விரல் போதும். மோதிர விரலின் நடுக்கணுவில் ஆரம்பித்து அடிக்கணு. பிறகு சுண்டு விரலின் அடி, நடு, நுனி. அங்கிருந்து மோதிர விரல் நுனி, நடுவிரல் நுனி, ஆள்காட்டி விரல் நுனி, நடு, அடி. மொத்தம் பத்து. நடுவிரலில் மீதியுள்ள இரண்டு கணுக்கள் மேரு, அதைத் தொடுவதில்லை. லோக்கல் ரயிலில் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எண்ணலாம். நான் முப்பது வருஷம் அப்படித்தான் ஆபீஸ் போய் வந்தேன்.

நாள் முழுக்கத் தானாகவே மந்திரம் பாடும் சின்னப் பெட்டிகள் பல வீடுகளில் இருக்கின்றன. காதுக்கு இதம், தவறில்லை. ஆனால் பெட்டி சொல்வது நம் ஜபம் ஆகாது.

ஆகவே என் வேண்டுகோள் எளியது. வேதம் கற்க ஆர்வமுள்ள பிள்ளைக்கு நல்ல வாத்தியாரைத் தேடிக் கொடுங்கள். மற்ற பிள்ளைகளுக்கு உங்கள் குலதெய்வத்தின் பெயரையாவது சொல்லிக் கொடுங்கள். தினம் 108, ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் கருப்பசாமி என்றோ காமாட்சி என்றோ கூப்பிடத் தெரியும். அதைப் பயமுறுத்தாமல் கொடுப்போம்.