ஐப்பசிக்கு நாயைத் தயார் செய்வது எப்படி?

2018ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 6ஆம் தேதி வந்தது. பத்தே நாளில், 16ஆம் தேதி அதிகாலையில், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரே ஐப்பசிக்குள் பட்டாசும் புயலும் அடுத்தடுத்து வந்து போயின. மனிதர்கள் நாட்காட்டியையும் வானிலை அறிவிப்பையும் பார்த்து மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளலாம். வீட்டு நாய்க்கும் பூனைக்கும் அந்த வசதி இல்லை.

அவற்றின் காதும் நம் காதும் ஒன்றல்ல. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் காது சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரையிலும், பூனையின் காது அதற்கும் மேலேயும் கேட்கும். பட்டாசுக்கு இந்தியச் சட்டம் வகுத்த ஒலி வரம்பு, நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல். இவ்வளவு பெரிய சத்தம் முன்னறிவிப்பின்றி, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் வரும்போது, தப்பி ஓடச் சொல்லி உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. வாசல் கேட் திறந்திருந்தால் நாய் ஓடியும் விடுகிறது.

பயம் சத்தத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இடிக்கு அஞ்சும் நாய்களுக்குப் பதிவு செய்த இடி, மழைச் சத்தத்தைப் போட்டுக் காட்டி, அவற்றின் உமிழ்நீரைச் சோதித்தார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வில், கார்டிசால் என்ற நெருக்கடிக்கால ஹார்மோன் ஏறத்தாழ மூன்று மடங்காகியிருந்தது. நாற்பது நிமிடம் கழித்தும் அது பழைய நிலைக்கு இறங்கவில்லை. காவிரி டெல்டாவின் அடைமழைக் காலத்தில் ஓர் இடிக்கும் அடுத்த இடிக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி கிடைப்பது அரிது.

நாளாக ஆகப் பழகிவிடும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பல நாய்களிடம் நடப்பது இதற்கு நேர்மாறு. முதல் வருடம் வெடிக்கு நடுங்கிய நாய் அடுத்த வருடம் இடிக்கும் நடுங்கும். பிறகு வானம் இருட்டிக்கொண்டு வந்தாலே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். கருமேகத்துக்குப் பின்னால் இடி வரும் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. அதனால் தொடக்க அறிகுறிகளைக் கவனிப்பது முக்கியம்: வெயில் இல்லாதபோதும் இரைப்பது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, தூக்கமின்றிக் கொட்டாவி விடுவது, வாலைக் கால்களுக்கு இடையே ஒடுக்குவது, பிடித்த தீனியைக்கூடத் தொடாமல் இருப்பது.

இன்னொரு நம்பிக்கையும் நாய்களை வதைக்கிறது. பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளர்ந்துவிடும் என்று சொல்லி அதை விலக்கி வைப்பார்கள். பயம் ஓர் உணர்ச்சி. ஆறுதல் சொல்வதால் அது கூடுவதில்லை. நாய் தானாக வந்து மடியில் தலையைச் சாய்த்தால் தாராளமாகத் தடவிக்கொடுக்கலாம். மூலையில் ஒளிந்திருந்தால் வெளியே இழுக்காமல் விட்டுவிட வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெபானி ரீமர், 1,225 நாய்களை வளர்ப்பவர்களிடம் பட்டாசு பயத்துக்கு எது உதவியது என்று கேட்டார். 2020இல் வெளியான முடிவுகளில் மிக எளிய வழி ஒன்று முன்னணியில் இருந்தது. ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்குப் பிறகும் உடனே பிடித்த தீனியைக் கொடுப்பது, அல்லது விளையாட்டுக் காட்டுவது. இதைச் செய்து பார்த்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேலானோர் பலன் தெரிந்ததாகச் சொன்னார்கள். சத்தம் முந்த வேண்டும், தீனி பிந்த வேண்டும். அப்போதுதான் சத்தம் நல்லதைக் கொண்டுவரும் என்று நாய் புரிந்துகொள்ளும். ஒரு துண்டு வேகவைத்த கோழி போதும்.

வீட்டுக்குள் ஒளிய ஓர் இடமும் வேண்டும். தெருவைப் பார்க்காத உள்ளறை நல்லது. ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, மின்விசிறியை ஓடவிட்டு, தொலைக்காட்சியை மிதமான ஒலியில் வைத்தால் வெளிச்சத்தம் மட்டுப்படும். வீட்டுக்காரர் உடுத்திய பழைய லுங்கியோ சேலையோ அங்கே விரிப்பாகக் கிடந்தால், தெரிந்தவரின் வாசனை நாய்க்குத் துணையாக இருக்கும்.

பூனைக்கு ஓர் அட்டைப்பெட்டியே பெரிய உதவி. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10 பூனைகளுக்கு மட்டும் ஒளியப் பெட்டி கொடுத்தார்கள். பெட்டி கிடைத்தவை சில நாட்களிலேயே பதற்றம் தணிந்து புது இடத்துக்குப் பழகின. பீரோவின் மேலோ பரணிலோ ஏறி உட்காரவும் பூனைக்கு வழி இருக்க வேண்டும்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தமிழ்நாடும் புதுச்சேரியும் பட்டாசு நேரத்தைத் தாங்களே தேர்ந்துகொள்ளலாம், ஆனால் ஒரு நாளில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றது. எல்லோரும் இதைக் கடைப்பிடித்தால், அந்த நேரத்துக்கு முன்பே நாயை நடத்திக் கூட்டிவந்து, சோறு வைத்து, கதவைச் சாத்திவிடலாம். கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் கட்டாயம் இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்தால், வீட்டைவிட்டுக் கிளம்பும்போது நாயைச் சங்கிலியில் கட்டிவிட்டுப் போகவே கூடாது. தண்ணீர் ஏறினால் அதனால் நீந்தக்கூட முடியாது.

பயிற்சிக்கு ஏற்ற காலம் ஆடியும் ஆவணியும். பதிவு செய்த வெடிச் சத்தத்தைக் காதில் விழுந்தும் விழாத அளவில் போட்டு, தீனி கொடுத்து, நாய் நிம்மதியாக இருந்தால் மட்டும் ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். உடல் நடுங்கினால் முந்தைய அளவுக்கே திரும்ப வேண்டும். பயம் கடுமையாக இருக்கும் நாய்க்கு மருந்தும் உண்டு. அதைக் கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். உடலை மட்டும் அசையவிடாமல் செய்து பயத்தை உள்ளேயே விட்டுவிடும் மருந்துகளும் இருக்கின்றன. மனிதர்களுக்கான மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது. சாதாரணப் பாராசிட்டமால்கூடப் பூனையின் உயிரைப் பறித்துவிடும். தீபாவளி நெருங்கும் வரை காத்திருக்காமல் புரட்டாசியிலேயே மருத்துவரைப் பார்த்துவிட்டால், மருந்து ஒத்துக்கொள்கிறதா, அளவு சரிதானா என்று பார்க்க அவருக்கும் அவகாசம் கிடைக்கும்.