அஞ்சு ஏறினால் சொல்லுங்கப்பா

போன ஆண்டு தீபாவளி முடிந்த இரண்டாவது வாரம். காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிபரப்புக் கூடத்திலிருந்து வெளியே வந்து கைத்தொலைபேசியைப் பார்த்தால், அம்மாவிடமிருந்து ஏழு அழைப்புகள். சிலியாவ் வீட்டில் அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறதாம். இரவு முழுக்கப் படுக்க முடியாமல் நாற்காலியிலேயே விடிய விட்டிருக்கிறார். இரண்டு காலும் வீங்கி, செருப்புகூட நுழையவில்லை.

அப்பாவுக்கு இருதயம் பலவீனம். இரத்தத்தைத் தள்ளும் வேகம் குறைவதால் உடம்பில் தண்ணீர் தேங்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கால் வீங்குவதற்கும் மூச்சு திணறுவதற்கும் முன்பாகவே நிறுவையில் அது தெரிந்துவிடும். அதனால்தான் இப்படிப்பட்ட நோயாளிகளைத் தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்கிறார்கள். அப்பாவும் தவறாமல் பார்த்தார். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றில் கோடு போட்டு எழுதியும் வைத்தார்.

மருத்துவமனையில் அந்த நோட்டை டாக்டர் புரட்டினார். 64.2, 64.5, 65.3, 66.4, 67.5, 68.3. ஆறு நாள் கணக்கு.

"இவ்வளவு ஒழுங்கா எழுதியிருக்கீங்க. ஏன் ஐயா யார்கிட்டயும் சொல்லல?"

"மக அஞ்சு ஏறுனா சொல்லச் சொன்னா டாக்டர். இன்னும் அஞ்சு ஆகலையே."

அந்த 'மக' கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். முதல் முறை அப்பாவை வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த மலாய்த் தாளில், மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே வர வேண்டும் என்று இருந்தது. அதை நான் சரியாகப் படிக்கவில்லை. அமெரிக்க மருத்துவக் கட்டுரை ஒன்றைப் படித்திருந்தேன். ஒரு வாரத்தில் 5 பவுண்டு ஏறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள் என்று அதில் இருந்தது. அதுவும் தவறான கணக்கு அல்ல. 5 பவுண்டு என்பது 2.27 கிலோ. ஆனால் நான் புலனத்தில் அப்பாவுக்கு அனுப்பிய குரல் பதிவில், என் வானொலிக் குரலில், தெளிவாக, அழகாக, "ஒரு வாரத்துல அஞ்சு ஏறினா சொல்லுங்கப்பா" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அஞ்சு என்ன என்று சொல்லவில்லை. வீட்டு நிறுவையோ கிலோ நிறுவை. அப்பா 5 கிலோவுக்குக் காத்திருந்தார். அவருக்கு ஏறியிருந்தது 4.1 கிலோ, அதாவது ஒன்பது பவுண்டு. மலாய்த் தாளின் கணக்குப்படி நான்காம் நாள் காலையிலேயே கிளம்பியிருக்க வேண்டும்.

ஊடகத்துறையில் பட்டம் வாங்கியவள் நான். வானொலியில் எண்களைச் சுருக்கு, கேட்பவரின் காதில் சுமையை ஏற்றாதே என்று படித்ததை அப்பாவின் உயிரில் வந்து செய்து காட்டியிருக்கிறேன். பெட்ரோல் விலையை வாசிக்கும்போது 'லிட்டருக்கு' என்ற சொல்லை ஒரு நாளும் விட்டதில்லை. வீட்டில் விட்டுவிட்டேன்.

அப்பா ஐந்து நாள் படுத்திருந்தார். தண்ணீரை வெளியேற்றும் மருந்து கொடுத்து, எடை இறங்க இறங்க மூச்சும் சீராகியது. என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. ஆனால் மூன்றாம் நாள் ஒன்று சொன்னார். "பால் ஸ்டோர்ல கிராணி வெறும் நம்பரைச் சொன்னா நாங்க நகர மாட்டோம்மா. ராத்தலா, கிலோவான்னு கேட்டுட்டுத்தான் வாளியை எடுப்போம்."

அப்பா பதினைந்து வயதில் ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டப் போனவர். அவர் தலைமுறை மூன்று கணக்கில் வாழ்ந்தது. சீனர் கடையில் அரிசியும் மீனும் கட்டிக் கணக்கு. ஒரு கட்டி ஏறக்குறைய 605 கிராம். நூறு கட்டி ஒரு பிக்குல். பால் ஸ்டோரில் ராத்தல். ராத்தலும் பவுண்டும் ஒன்றே, 454 கிராம். தோட்டத்து டிரெசர் பிள்ளைகளை நிறுத்ததும் ராத்தலில்தான். 1972-ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டத்துக்குப் பிறகு நாடு படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறியது. ரப்பர் விலையும் ராத்தலுக்கு இத்தனை காசு என்பதிலிருந்து கிலோவுக்கு இத்தனை காசு என்று ஆனது. கிலோ என்பது 2.2 ராத்தல் என்பதால் விலை எண் ஒரே தாவலில் இரண்டு மடங்குக்கு மேலே போனதாகத் தெரிந்ததாம். சம்பளமும் அப்படியே ஏறப்போகிறது என்று லயத்தில் சிலர் சந்தோஷப்பட்டதை அப்பா இன்றும் சொல்லிச் சிரிப்பார். நிறுவையில் எண் அதே அளவு இறங்கியது மறுநாள்தான் தெரிந்ததாம்.

அந்த ஸ்டோர் கணக்கில் இன்னொன்றும் உண்டு. காண்டாக் கம்பில் தூக்கி வந்த பாலின் எடைக்கு அப்படியே காசு கிடைக்காது. மாதிரி எடுத்து, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். பாலில் மூன்றில் ஒரு பங்கு, கூடக் குறையத்தான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். மழை நாளில் வாளி கனக்கும், கணக்கு கனக்காது. டாக்டர் படம் வரைந்து விளக்கியதைவிட அப்பா தானே புரிந்துகொண்டது எளிமையாக இருந்தது: "அப்ப இது சதை இல்ல. பால்ல தண்ணி ஏறின மாதிரி." ஆமாம், அதேதான். ஒரு வாரத்தில் நான்கு கிலோ சதை போடுவதற்கு அவர் அப்படி ஒன்றும் சாப்பிட்டுவிடவில்லை.

என் கைத்தொலைபேசியில் பவுண்டு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் வெட்கமான கதை. உடல் இளைக்க வேண்டும் என்று அமெரிக்கச் செயலி ஒன்றைப் பதிவிறக்கினேன். அது பவுண்டில் காட்டியது; எனக்குப் பிடித்துப்போனது. 78 கிலோ என்பது 172 பவுண்டு. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், எண் சீக்கிரம் இறங்கும். இரண்டு கிலோ குறைந்தால் 4.4 என்று காட்டும். "நாலு குறைச்சிட்டேன்" என்று நிகழ்ச்சியிலேயே பெருமை அடித்தேன். நேயர்கள் வாழ்த்தினார்கள். நாலு என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. (அம்மாவிடம் 'நாலு பவுண்டு' என்றபோது, "எந்தச் சங்கிலிடி?" என்றார். அவருக்கு அது நாலு பவுன், 32 கிராம் தங்கம்.)

பவுண்டில் எடை பார்ப்பது குற்றமில்லை. மாற்றம் நுணுக்கமாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் அந்தச் செயலிகளோடு அந்த ஊர் எல்லைகளும் சேர்ந்து வருகின்றன. உடல் எடைக் குறியீடு, அதாவது கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண், 25-ஐத் தாண்டினால்தான் அதிக எடை என்று என் செயலி ஆறுதல் சொன்னது. ஆசிய உடல்வாகுக்கு 23-லேயே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5-இல் அது அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இலேயே சொல்லிவிட்டது. நம் கிளினிக்குகளில் பார்ப்பதும் அந்த எண்களைத்தான். நாட்டின் 2019 சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினருக்கு எடை அதிகம் என்று வந்திருக்கும்போது, இரண்டு புள்ளி ஆறுதல் நமக்குக் கட்டுப்படியாகாது.

அலகு மாறிப்போனால் என்னவெல்லாம் ஆகும் என்பதற்கு ஒரு பெரிய கதை உண்டு. 1983 ஜூலை 23. கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். ஏர் கனடாவின் புதிய போயிங் 767 விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவை. கணக்குப் போட்டவர்கள் பழைய பவுண்டுக் கணக்கின் பெருக்கும் எண்ணைப் பயன்படுத்தியதால் விமானத்தில் இருந்தது 22,300 பவுண்டு; தேவையில் பாதிகூட இல்லை. 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்தது. விமானி அதைச் சறுக்கியபடியே ஓட்டிவந்து, கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். அவர்கள் தாளிலும் எண் சரியாகத்தான் இருந்தது.

மருந்து விஷயத்தில் இது இன்னும் கூர்மை. குழந்தைகளுக்கான மருந்துகள் பலவற்றின் அளவு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றே கணக்கிடப்படுகிறது. பவுண்டு எண்ணைக் கிலோ என்று நினைத்துச் சொல்லிவிட்டால் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் போகும். ஆகவே செயலியில் எதை வைத்திருந்தாலும், கிளினிக்கில் பேசும் அலகு எதுவோ அதுதான் வீட்டு நிறுவையிலும் இருக்க வேண்டும். இங்கே அது கிலோ. இன்றைய மின்னணு நிறுவைகள் பலவற்றின் அடியில் அலகை மாற்றும் சிறு பொத்தான் ஒன்று இருக்கும். பேரப்பிள்ளைகளின் விரல் நேராக அங்கேதான் போகும். எங்கள் வீட்டில் அதன்மேல் ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டேன்.

மற்றபடி தாதி சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: காலையில் சிறுநீர் கழித்தபின், பசியாறுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில், பாயின்மேல் வைக்காமல் சிமெண்டுத் தரையில். எவ்வளவு ஏறினால் வர வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறலாம். அதை உங்கள் டாக்டர் எழுதிக்கொடுக்க வேண்டும், மகளின் குரல் பதிவு அல்ல.

இப்போது அப்பாவின் நோட்டில் ஒவ்வொரு வரியிலும் 'கிலோ' என்று முழுதாக எழுதியிருக்கிறது. தினமும் காலையில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறார். நானும் செயலியைக் கிலோவுக்கு மாற்றிவிட்டேன். போன சனிக்கிழமை வழக்கம்போல அழைத்தார்.

"எனக்கு அறுபத்து நாலு கிலோ அறநூறு கிராம். ஒனக்கு எவ்வளவு?"

"எழுபத்தி அஞ்சுப்பா."

"எழுபத்தி அஞ்சு என்ன?"