அடைக்கலத்துக்குப் பின் என்ன? குடும்ப வன்முறையும் தலித் பெண்களின் மறுவாழ்வும்

குடும்ப வன்முறை பற்றிய செய்தி வரும்போதெல்லாம் ‘அவள் ஏன் அந்த வீட்டைவிட்டு வெளியேறவில்லை?’ என்னும் கேள்வி எழுகிறது. வெளியேறியவள் எங்கே போவாள் என்று கேட்பவர் குறைவு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் மணவாழ்வில் வன்முறையை எதிர்கொண்டவர்கள். 181 என்ற உதவி எண்ணை அழைக்கும் பெண்ணுக்கு ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையம் தற்காலிக அடைக்கலம் தருகிறது. அதன் கால அளவு 5 நாள்கள். ஆறாம் நாள் காலையில் அவளும் குழந்தைகளும் எங்கே நிற்பார்கள் என்பதே நம்முன் உள்ள கேள்வி.

முதல் தேவை கூரை. 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பட்டா யார் பெயரில் இருந்தாலும் கணவனோடு வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைப் பெண்ணுக்கு அளிக்கிறது. மாமனார், மாமியார் பெயரில் உள்ள வீட்டுக்கும் இவ்வுரிமை பொருந்தும் என்பதை உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. அங்கே வாழ இயலாத நிலையில், அதே தரத்தில் மாற்று வீடோ வாடகையோ தருமாறு கணவனுக்கு ஆணையிட 19ஆம் பிரிவு இடமளிக்கிறது.

ஆனால், வாடகைக்குப் பணம் கிடைத்துவிட்டால் வீடு கிடைத்துவிடுமா? ‘நீங்கள் என்ன ஆட்கள்?’ என்பது வீட்டு உரிமையாளரின் முதல் கேள்வி, ‘கணவர் எங்கே?’ என்பது இரண்டாவது. தலித் பெண் இரண்டு கேள்விகளிலும் தோற்கடிக்கப்படுகிறாள். பிறந்த வீடோ சேரியில் ஓர் அறை. அதில் ஏற்கெனவே அண்ணன் குடும்பம். அடிக்கும் கணவனிடமே பலர் திரும்பிச் செல்வதன் காரணத்தை அவர்களின் மனத்தில் தேடுவதைவிட இந்தச் சுவர்களில் தேடுவதே நேர்மை.

அடுத்தது ஆவணம். உயிர் தப்பினால் போதும் என்று இரவில் ஓடி வருபவளிடம் குடும்ப அட்டை இருப்பதில்லை. பெயரை நீக்கிப் புதிய அட்டை பெற முயன்றால், பதிவு செய்த கைபேசி எண் பெரும்பாலும் கணவனுடையதாக இருக்கிறது. அட்டை இல்லையேல் நியாயவிலை அரிசி இல்லை. 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பிக்கவும் வழியில்லை. பாதுகாப்பு அலுவலர் பதிவு செய்யும் வன்முறை அறிக்கையை வட்ட வழங்கல் அலுவலகங்கள் போதிய சான்றாக ஏற்று, தனி அட்டை வழங்க வேண்டும் என்பது நம் கோரிக்கையாக வேண்டும்.

குழந்தைகளின் நிலை இன்னும் நுட்பமானது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று கூறி அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்க முடியாது. குழந்தையைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் விடுமாறு குற்றவியல் நடுவர் 21ஆம் பிரிவின்கீழ் ஆணையிடலாம்.

சாதி மறுப்புத் திருமணம் செய்து, பின்னர் வன்முறையால் பிரிந்த தலித் தாயின் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழே பெருஞ்சிக்கலாகிறது. ‘தகப்பன் சாதிதான் பிள்ளைக்கு’ என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பும் போக்கு உண்டு. 2012இல் குஜராத் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதனை ஆராய்ந்தது. தந்தையின் சாதி என்பது ஓர் அனுமானமே என்றும், பட்டியல் சாதித் தாயால் அச்சமூகத்தவராகவே வளர்க்கப்பட்டு அதே இழிவுகளை எதிர்கொண்டதைப் பிள்ளை மெய்ப்பிக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. கல்வி உதவித்தொகையும் விடுதி இடமும் இச்சான்றிதழைச் சார்ந்தே இருப்பதால், இத்தீர்ப்பை அறிந்த ஒருவர் அத்தாயுடன் வட்டாட்சியர் அலுவலகம் செல்வது ஒரு தலைமுறையின் படிப்பைக் காக்கக்கூடும்.

மூன்றாவது, வருமானம். வழக்கு முடியும்வரை காத்திராமல் 23ஆம் பிரிவின்கீழ் இடைக்காலப் பராமரிப்புத் தொகை கோரலாம். பெண்கள், பட்டியல் சாதியினர் ஆகிய இரு வகையிலும் தலித் பெண்ணுக்கு இலவசச் சட்ட உதவி உரிமையாகிறது. அதற்கு வருமான வரம்பு இல்லை. நிலையான வாழ்வுக்குச் சொத்தும் வேண்டும். நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடியினப் பெண்கள் வேளாண் நிலம் வாங்க 50 விழுக்காடு, அதாவது 5 லட்சம் ரூபாய் வரை மானியம் தரும் தாட்கோவின் ‘நன்னிலம்’ திட்டத்தில் தனித்து வாழும் பெண்களுக்கு முன்னுரிமை கோர வேண்டும்.

இறுதியாக, நம்மை நோக்கியும் ஒரு கேள்வி. ஆதிக்கச் சாதியினர் இழைக்கும் வன்கொடுமைக்கு எதிராக உடனே திரளும் நாம், நம் குடியிருப்பில் நள்ளிரவில் கேட்கும் அலறலைக் ‘குடும்ப விவகாரம்’ என்று கடந்துவிடுகிறோம். வெளியே சொன்னால் நம் மக்களைப் பற்றிய இழிசொற்களுக்கு அது தீனியாகும் என்னும் அச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே. அந்த அச்சத்தின் விலையை அடிபடும் பெண்ணே செலுத்துகிறாள். பெண்கள் அடைந்த முன்னேற்றத்தைக் கொண்டே ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அளப்பதாக அம்பேத்கர் 1942இல் நாக்பூரில் கூடிய பெண்கள் மாநாட்டில் கூறினார். அந்த அளவுகோல் நமக்கும் உரியது.

வன்முறை நடப்பதாக நம்பும் எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தகவல் தருபவர்மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது சட்டத்தின் 4ஆம் பிரிவு. மாணவத் தோழர்கள் இங்கிருந்து தொடங்கலாம். தகவல் தருவதோடு நில்லாமல், ஆறாம் நாள் காலையிலும் அவளுடன் இருப்போம்.