கூடவே வளரும் பகைவன்

என் தம்பியின் மகன் தன் கணிதக் கொப்பியை மேசைமேல் மறந்துவிட்டுச் சென்றிருந்தான். ஆசிரியன் கை சும்மா இருக்குமா? எடுத்துப் புரட்டினேன். பக்கம் பக்கமாக ஐந்தைந்து கோடுகளாய்க் கட்டிய கணக்கு; ஓரத்தில் ‘குதித்தல் 7, ஓட்டம் 4, கேடயம் 10’ என்று குறிப்புகள். சாதாரண தரக் கணிதத்தில் இப்படியும் ஒரு பாடம் புகுந்துவிட்டதோ என்று திகைத்தேன். மாலையில் அவன் கணினியின் முன் அமர்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. திரையில் ஒரு வீரன். இடையில் வாள், முதுகில் வில். ஒரு சாம்ராச்சியத்தைக் காக்கப் புறப்பட்ட அப்பெருமகன், இராசபாட்டையில் தவளையைப் போலத் தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தான்.

“ஏனப்பா, இவருக்குக் காலில் ஏதும் சுகவீனமா?” என்றேன்.

“இல்ல பெரியப்பா, குதிச்சாத்தான் குதிக்கிற திறமை ஏறும். இப்ப ஏத்தி வைக்காட்டி பொறவு அடி வாங்கிச் சாகணும்” என்றான்.

பண்டிதர் பரீட்சைக்குப் படித்த காலத்திலிருந்து வீரயுகப் பாடல்களோடு பழகியவன் நான். குதித்துக் குதித்துப் போருக்குப் போன வீரன் ஒருவனையும் அவற்றில் கண்டதில்லை. ஆதலால் அன்றிலிருந்து மாலைதோறும் அவன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன். தொண்ணூறை நெருங்கும் என் தாயாரும் வெற்றிலை உரலோடு வந்து அமர்ந்துவிடுவார்.

வேடம் பூண்டு ஆடுவது நமக்குப் புதிதன்று. மாசி மாதத்தில் எங்கள் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் காமன் கூத்து நிகழும்போது, காமனாகவும் இரதியாகவும் வருவோர் விரதமிருந்தே அவ்வேடத்தைத் தாங்குவர். கணினியில் ஆடும் இவ்வகை விளையாட்டும் அதற்குத் தூரத்து உறவு என்றே சொல்லலாம். ஒரு பாத்திரத்தைத் தனக்கென வரித்துக்கொண்டு, கற்பனை நாடொன்றில் பயிற்சியாலும் போராலும் அப்பாத்திரத்தை வளர்த்துச் செல்வதே ஆட்டம். பையன் ஆடியது ‘ஒப்லிவியன்’ என்பது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள பெதெஸ்டா நிறுவனத்தார் 2006ஆம் ஆண்டு வெளியிட்டது. ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ என்னும் வரிசையில் நான்காவது. வீரன் சிறையிற் கிடக்கிறான். பேரரசன் அவ்வழியே தப்பியோடி வந்து கொல்லப்படுகிறான். நாடெங்கும் நரக வாயில்கள் திறக்கின்றன. நல்ல தொடக்கம். காடும் மலையும் வானமும் அழகாகவே இருந்தன.

கொப்பிக் கணக்குக்கு வருவோம். திறமைகள் 21. அவற்றுள் ஏழைத் தலைமைத் திறன்களாக முதலிலேயே தேர்ந்துகொள்ள வேண்டும். அவ்வேழில் மொத்தம் பத்து ஏற்றம் நிகழ்ந்ததும், வீரன் படுத்து உறங்கி எழுந்தால் ஒரு படி உயர்கிறான். அப்போது வலிமை, அறிவு, வேகம் முதலிய பண்புகளுள் மூன்றைக் கூட்டிக்கொள்ளலாம். எவ்வளவு கூட்டலாம் என்பது, அந்தந்தப் பண்பைச் சார்ந்த திறன்களில் அதுவரை செய்த பயிற்சியைப் பொறுத்தது. ஒரு பண்புக்கு ஐந்து புள்ளி முழுமையாகக் கிடைக்க அதன்கீழ் பத்து ஏற்றம் வேண்டும், மூன்றுக்கும் முப்பது. தலைமைத் திறனிலோ பத்து ஏறினாலே படி நிரம்பிவிடும். ஆகவே கெட்டிக்காரர் என்ன செய்கின்றனர்? தாம் பயன்படுத்தவே போகாத திறன்களைத் தலைமைத் திறன்கள் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, உண்மையில் வேண்டியவற்றை மறைவாகப் பயில்கின்றனர். வாள்வீரனாக விரும்புகிறவன் வாளைத் தன் தொழிலன்று என்று சொல்ல வேண்டும்! இலக்கணம் படிக்க வந்த மாணவன், இலக்கணம் தவிர்ந்த ஏழு பாடங்களை விண்ணப்பத்தில் எழுதுவதற்கு இது ஒக்கும்.

இத்தனை கணக்கும் எதற்காக? இங்கேதான் விளையாட்டின் உயிர்நிலையான குறை கிடக்கிறது. வீரன் வளர வளர, உலகிலுள்ள பகைவரும் அவனோடு வளர்கின்றனர். முதற் படியில் நரக வாயிலுக்குள் சிறு குறும்புப் பேய்கள். இருபதாம் படியில் அதே வாயிலுக்குள் மாமிச மலைகள். முறையாகக் கணக்கிட்டு வளராதவன், படி உயர உயர உண்மையில் மெலிந்தவனாகிறான். அதற்கு மாறாக, உறங்காமலே முதற் படியில் நின்றுகொண்டு தலைநகர் அரங்கின் மாபெரும் வீரன் என்ற பட்டத்தை வென்றோரும் உண்டு. பரிசுகளும் அப்படியே. துன்புற்றவனுக்கு விரைந்து சென்று உதவினால், அந்நாளைய படிக்கேற்ற மட்டமான வாளே பரிசாகக் கிடைக்கும். பின்னர் அது வளர்வதில்லை. ஆறப்போட்டுச் சென்றவனுக்கு அதே வாள் பன்மடங்கு கூர்மையோடு கிடைக்கும்.

ஒருநாள் பூனைமுகத்து வழிப்பறிக்காரன் ஒருவன் பாதையை மறித்து நூறு பொற்காசு கேட்டான். அவன் உடலில் பசுமையாய் ஒளிவிடும் கண்ணாடிக் கவசம்! அதை விற்றால் ஆயிரக்கணக்கில் காசு கிடைக்கும் என்றான் பையன். அத்தனை செல்வத்தை மேலே மாட்டிக்கொண்டு நூறு காசுக்கு வெயிலில் நிற்கும் திருடனைக் கண்டு என் தாயாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

படைத்தோர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆடுவோன் எத்திசையும் எப்போதும் செல்லலாம் என்பது அவர்கள் கொடுத்த சுதந்திரம். அவன் எந்த ஊரை முதலில் அடைவான் என்பதை முன்னறிய இயலாது. எங்கே சென்றாலும் ஈடான போர் கிடைக்கட்டும் என்று எண்ணினர் போலும். ஆனால் 2002இல் வெளிவந்த அவர்களது ‘மொரோவிண்ட்’ விளையாட்டில் பெரும்பாலான இடங்களுக்கு அவற்றிற்கே உரிய கடுமை இருந்தது. தெரியாமல் நுழைந்தவன் அடிபட்டு ஓடுவான். வலிமை பெற்றபின் திரும்பி வருவான். பரமபதப் படத்தில் உச்சிக்கு அருகே கிடக்கும் பெரும்பாம்பு எத்தனை பேரை அழவைத்திருக்கிறது! ஆயினும் அது தன் கட்டத்தைவிட்டு நகர்ந்து நம் காலடிக்கு வருவதில்லை. வேதாளமும் மீண்டும் மீண்டும் முருங்கைமரம் ஏறுகிறதுதான். ஒவ்வொரு முறையும் விக்கிரமாதித்தனுக்கு ஒரு கதை மிஞ்சுகிறதன்றோ?

கடுமை வேறு, உழைப்பை விழுங்குதல் வேறு. 1986இல் சப்பானியர் வெளியிட்ட ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டில், நிறுத்திய இடத்திலிருந்து தொடர 20 எழுத்துகள் கொண்ட ஒரு மந்திரத்தைக் கையால் எழுதி வைக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் அது 52 எழுத்து வரை நீண்டது. ஓரெழுத்துப் பிழைத்தாலும் வீரன் மீளான். ஏடெழுதுவோர் லகர ளகரத்தை மாற்றிவிட்டதால் நாம் இழந்த பாட்டுகளை நினைத்துக்கொண்டேன். குறித்த இடங்களில் மட்டுமே பதிவு செய்ய அனுமதிக்கும் விளையாட்டுகள் பின்னரும் வந்தன. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டபோது, அத்தகைய ஒன்றை ஆடிக்கொண்டிருந்த பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ஒப்லிவியனில் அந்தத் தொல்லை இல்லை. நினைத்த இடத்தில் பதியலாம். ஆயினும் மூன்றாம் மாதத்தில் பையன் கொப்பியை மூடிவிட்டான். “என்ன செஞ்சும் ஒண்ணும் மாறல பெரியப்பா. நான் ஏறுனா அவனும் ஏர்றான்.”

நான் சமாதானம் சொல்ல வாயெடுக்குமுன் தாயார் உரலை நிறுத்தினார். “இது கொழுந்து நிறுக்கிற கதையால்ல இருக்கு” என்றார்.

இரத்தோட்டைப் பக்கத்து மலைத்தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்து எங்களைப் படிக்க வைத்தவர் அவர். குறித்த நிறை பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். பெண்கள் விரல் பழகி அந்நிறையை எளிதிற் கடந்தபோது, மகிழ்ந்திருக்க வேண்டியவர்கள் அஞ்சினர். ஏனெனில் அடுத்த மாதம் நிறை உயர்த்தப்படும். விரைவாகப் பறிக்கத் தெரிந்த என் தாயார், நிறை காணும் நேரம் நெருங்கும்போது வேண்டுமென்றே கையை மெதுவாக்கிக்கொள்வாராம். அத்தனை ஆண்டு கழித்து, அன்றுதான் அதை எனக்குச் சொன்னார். தன் தொழிலைத் தன் தொழிலன்று என்று எழுதிக்கொடுக்கும் வாள்வீரனைப் பார்த்து நான் சிரித்தது நினைவுக்கு வந்தது.

அவ்விளையாட்டை ஆடியோர் பலரும் இதே குறையைச் சொல்லியிருக்கின்றனர். ‘ஒஸ்க்யூரோ’ என்ற புனைபெயர் கொண்ட ஒருவர் அதன் உள்ளமைப்பைப் பெரிதும் மாற்றியமைத்து, இடங்களுக்கு அவற்றின் கடுமையை மீட்டுக்கொடுத்தார். மூல பாடத்தில் இடைச்செருகல் செய்வது பெரும்பிழை என்று கற்றவன் நான். இந்த இடைச்செருகல் எனக்குப் பிடித்திருந்தது. 2011இல் வந்த ‘ஸ்கைரிம்’ விளையாட்டில் நிறுவனத்தாரே குகைதோறும் ஒரு கீழெல்லையும் மேலெல்லையும் வகுத்தனர். 2025இல் ஒப்லிவியனைப் புதுப்பித்து வெளியிட்டபோது, எல்லாத் திறனும் படிக்கு உதவும் என்றும், படிக்குப் பன்னிரண்டு புள்ளிகளை விருப்பம்போல் பகிரலாம் என்றும் ஆக்கினர். குதிக்கும் வீரருக்கு விடுதலை! பகைவர் கூடவே வளரும் முறை மட்டும் முற்றாக நீங்கவில்லை.

ஒஸ்க்யூரோவின் திருத்தத்தை இட்டுக்கொண்டு பையன் மறுபடி ஆடினான். முதல் வாரமே ஒரு குகையில் நுழைந்து உதைபட்டு ஓடினான். சில வாரங்கள் காட்டில் திரிந்து, மீண்டும் போய் அதனை வென்றான். கணிதக் கொப்பியில் இப்போது கணிதம் இருக்கிறது, மிகுதியாக இல்லை.

தாயாருக்குக் கண் மங்கிவிட்டது. ஆயினும் குகையில் வென்ற அன்று திரைப்பக்கம் தலையை நீட்டி, “அந்தக் களவாணிப் பய இன்னும் கண்ணாடிச் சட்டதான் போட்டுருக்கானா?” என்று கேட்டார்.

“இல்ல அப்பாயி, தோல் சட்ட. அன்னைக்குப் போட்டிருந்த அதே பழசு.”

“போடட்டும்” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை இடிக்கத் தொடங்கினார்.