மைசூர் பஸ்ஸுக்கு யாரைக் கேட்க வேண்டும்?

"ஏனுங்க அம்மிணி, கூட யாரும் வரலீங்களா?"

சத்தி என்கிற சத்தியமங்கலம் பஸ் ஸ்டாண்டில் விடிகாலை மைசூர் பஸ்ஸுக்காக நின்ற பெண்ணிடம் டீக்கடைக்காரர் கேட்டார். கேலியில்லை, அக்கறைதான். கறுப்பு பர்தாவும் தோள்பையுமாக ஒரு பெண் ஒற்றையாளாக நிற்பது ஊர்க் கண்ணுக்கு இன்னும் பழகவில்லை. அவர் தாளவாடியில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியை. மலைமேல் பல பிள்ளைகளுக்கு வீட்டு மொழி கன்னடம். ராவுத்தர் வீட்டுப் பெண்ணான இவருக்கோ தமிழ் மட்டுமே. விடுமுறையில் மைசூரில் தங்கிக் கன்னடம் கற்கக் கிளம்பியிருந்தார்.

கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று. தமிழ் எழுத்தில் கன்னட வாக்கியங்கள். "ஈ பஸ்ஸு எல்லிகெ ஹோகுத்தெ?", "எஷ்டு ஆயித்து?" வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். சாப்பாடு, விலை, வழி எல்லாம் இருந்தன. வேண்டாம் என்று மறுக்கவோ, வண்டியை நிறுத்தச் சொல்லவோ, புகார் கொடுக்கவோ ஒரு வரிகூட இல்லை. விட்டுப்போன அந்தப் பக்கத்தைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் டீக்கடைக்காரர் கேள்விக்குப் பதில். பதினெட்டு வயது நிரம்பிய பெண் இந்தியாவுக்குள் எங்கே போகவும் யார் அனுமதியும் தேவையில்லை. அரசமைப்பின் 19ஆவது பிரிவு தரும் உரிமை அது. மதம் பார்த்து, தாலி பார்த்துத் தரப்படவில்லை. வெளிநாட்டுக்கும் அப்படியே. கணவர் கையெழுத்து இல்லாமல் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில், 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தெளிவாகச் சொல்லிவிட்டார்: கணவரின் அனுமதியோ கையெழுத்தோ தேவையில்லை, கல்யாணம் ஆனதும் பெண் தன் அடையாளத்தை இழந்துவிடுவதில்லை. அப்பா, அம்மா இருவர் பெயரும் வேண்டும், திருமணச் சான்று வேண்டும் என்ற நிபந்தனைகள் 2016 டிசம்பரிலேயே போய்விட்டன. இன்னொன்று பலருக்குத் தெரியாது. வாங்கிய பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. பீரோவில் பூட்டி வைத்துக்கொள்ள அத்தாவுக்கோ மாப்பிள்ளைக்கோ உரிமை கிடையாது.

வீட்டில் சட்டம் பேசினால் எடுபடாது என்பது தெரியும். அப்போது ஹஜ்ஜைப் பேசுங்கள். மஹ்ரம் எனும் நெருங்கிய ஆண் உறவினர் துணை இல்லாமல், 45 வயது கடந்த பெண்கள் குறைந்தது நால்வராகச் சேர்ந்து போகலாம் என்று 2018இல் இந்திய ஹஜ் கொள்கை மாறியது. 2023இல் தனித்தனியாகவே விண்ணப்பிக்கலாம் என்றானது. அந்த ஒரே வருடத்தில் மஹ்ரம் இல்லாமல் போய்வந்த இந்தியப் பெண்கள் 4,300க்கும் மேல். மக்காவுக்கே தனியாகப் போகலாம் என்றால் மைசூருக்கு என்ன? என் அனுபவத்தில் எந்தச் சட்டப் பிரிவையும்விட இந்தக் கேள்விக்குத்தான் பெரியவர்கள் கொஞ்சம் யோசிக்கிறார்கள்.

யோசிக்காதவர்கள் "பொண்ணைக் காணோம்" என்று ஸ்டேஷனுக்குப் போவதும் உண்டு. போலீஸ் கண்டுபிடித்தால் பயப்பட ஒன்றுமில்லை. வயதுச் சான்றைக் காட்டி, என் விருப்பத்தில் வந்தேன் என்று வாக்குமூலம் கொடுத்தால் போதும். சேலத்தில் ஹோமியோபதி படித்த ஹாதியாவின் வழக்கில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: வயது வந்த பெண்ணின் முடிவைப் பெற்றோரும் மாற்ற முடியாது, நீதிமன்றமும் மாற்ற முடியாது. போகவிடாமல் அறையில் பூட்டி வைத்தால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆவது பிரிவில் குற்றம். இருந்தாலும் ஒருவரிடமாவது போகும் இடத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அனுமதிக்காக அல்ல, அவசரத்துக்கு.

அடுத்து அறை. "லேடீஸ் தனியா வந்தா ரூம் தர்றதில்லீங்க" என்று கவுன்டரில் சொல்லுவார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லவே இல்லை. கோவையில் 2019இல் ஒரு தங்கும் விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்தபோது, மணமாகாத ஆணும் பெண்ணும் சேர்ந்து தங்குவதையே தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்றது சென்னை உயர் நீதிமன்றம். தனியாக வரும் பெண்ணுக்கு எங்கிருந்து தடை வரும்? மதத்தையோ பாலினத்தையோ காரணம் காட்டி விடுதியில் இடம் மறுப்பதை அரசமைப்பின் 15ஆவது பிரிவே தடுக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே சாவியை எடுத்துவிடுவார்கள். ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள்.

பஸ்ஸில் உரசல், சீண்டல் என்றால் தமிழ்நாட்டில் நம் கையில் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. 1998இல் வந்த பெண்களுக்கு எதிரான தொல்லை தடுப்புச் சட்டம். அதன்படி நீங்கள் புகார் சொன்னதும் டிரைவரும் கண்டக்டரும் வண்டியை நேராக அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓட்ட வேண்டும். அது அவர்கள் செய்யும் உதவி அல்ல, கடமை. "அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கம்மா" என்று சொல்லும் கண்டக்டருக்கு இதை நினைவூட்டலாம். மாநில எல்லையில் காரப்பள்ளம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் இந்தச் சட்டம் கூடவே வராது. நியாய சன்ஹிதா வரும்: தப்பாகக் கை வைத்தால் 74, பாலியல் தொந்தரவுக்கு 75, பின்தொடர்ந்து வந்தால் 78, ஆபாசச் சொல்லுக்கும் சைகைக்கும் 79.

பர்தா போட்ட பெண்ணுக்கு இதோடு தனியாக ஒரு தொல்லை உண்டு. 2023 மார்ச்சில் வேலூர்க் கோட்டையைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு பெண்ணை இளைஞர்கள் சிலர் வழிமறித்து, ஹிஜாபைக் கழற்றச் சொல்லி, அதை வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். ஏழு பேர் பிடிபட்டார்கள், ஒருவன் பதினெட்டு வயதுகூட நிரம்பாதவன். பிடிபட்டவர்களில் இரு மதத்துப் பையன்களும் இருந்தார்கள். உடையைக் காவல் காக்கப் புறப்படுகிறவன் எந்தப் பக்கத்திலிருந்தும் வருவான். அந்த வீடியோவைப் பகிர்ந்தால் நடவடிக்கை என்று போலீஸ் எச்சரித்தது நல்ல முன்னுதாரணம். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் வீடியோவை அழித்துவிடாதீர்கள், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். இணைப்பைக் குறித்துக்கொண்டு 1930க்கு அழையுங்கள்.

"கர்நாடகாவில் ஹிஜாப் தடையாமே" என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. 2022இல் எழுந்த அந்த வழக்கு, கல்லூரி வகுப்பறைச் சீருடையைப் பற்றியது. உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் வேறுவேறு தீர்ப்புச் சொல்லி, வேறு அமர்வை அமைப்பதற்காக அது தலைமை நீதிபதியிடம் போனது. தெருவுக்கும் பஸ்ஸுக்கும் விடுதிக்கும் அதில் சம்பந்தமே இல்லை. பாஸ்போர்ட் படத்தில் தலையை மதக் காரணத்துக்காக மூடியிருக்கலாம். நெற்றியிலிருந்து தாடைவரை முகம் தெரிந்தால் போதும். உடல் சோதனை என்றால் பெண்தான் செய்ய வேண்டும், விமான நிலையத்தில் திரைக்குள்.

இனி நோட்டுக்கு வருகிறேன். புதிய மொழியை வணக்கத்தில் தொடங்குவது வழக்கம். தனியாகப் போகிற பெண் மறுப்பில் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. கன்னடத்தில் "பேடா" என்றால் வேண்டாம். "முட்டபேடி", தொடாதீர்கள். "பஸ் நில்லிஸி", நிறுத்துங்கள். "நானு தூரு கொடபேகு", நான் புகார் கொடுக்க வேண்டும். பாலக்காட்டுப் பக்கம் போனால் மலையாளத்தில் "தொடருது", தொடக்கூடாது. சத்தியிலேயே உருது பேசும் வீடுகள் இருக்கின்றன. தக்கணத்து உருதுவான தக்னியில் அதட்டலாக ஒரு "நக்கோ" (வேண்டாம்) போதும், மைசூர், பெங்களூர், ஹைதராபாத் வரை புரியும். திப்பு காலத்துக் கஜல்ஹட்டிக் கணவாய் வழியாக மொழிகள் இப்படித்தான் ஏறியும் இறங்கியும் வந்திருக்கின்றன. இந்தச் சொற்களை மனப்பாடம் செய்தால் மட்டும் பலனில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். அந்த ஆசிரியை முதலில் "பேடா"வைக் கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். ஆறாவது தடவைதான் டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கற்க இடம் தேடுவோர்க்கு: மைசூர் மானசகங்கோத்ரியில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் இருக்கிறது. தனியார் வகுப்பென்றால் கட்டணத்துக்கு ரசீது வாங்குங்கள், அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். ஜெர்மன் கற்றுத் தந்து நர்ஸ் வேலைக்கு அனுப்புகிறோம் என்று பிடிக்கும் ஏஜென்டுகளிடம் இரட்டிப்புக் கவனம் வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுப்பவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் வரியும், அதற்குமேல் இல்லை. சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கெட்டது நடந்துவிட்டால் 112. பெண்களுக்கான உதவிக்கு 181, ரயிலில் 139. சாமராஜநகரில் நடந்ததற்குச் சத்தி மகளிர் காவல் நிலையத்திலேயே புகார் தரலாம்; எல்லை எங்களுடையதல்ல என்று தட்டிக்கழிக்க முடியாது. 2024 ஜூலையில் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், 173ஆவது பிரிவு. பாலியல் குற்றமென்றால் பெண் அலுவலர்தான் பதிய வேண்டும், முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகார் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். வக்கீலுக்குப் பணமில்லை என்ற கவலை வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்ணுக்குச் சட்ட உதவி இலவசம், எண் 15100.

கடைசியாக, இந்த ஊருக்கே உரிய ஒரு எச்சரிக்கை. புலிகள் காப்பகம் என்பதால் திம்பம் மலைப்பாதை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை மூடப்பட்டிருக்கும். திரும்பி வரும்போது வெளிச்சம் இருக்கும்போதே சாமராஜநகரைத் தாண்டுகிற பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.