‘பியானோ’ன்னா மெதுவா... அங்கதான் சிக்கல்!

கீபோர்டு கிரேடு தேர்வுக்குப் படிக்கிறீர்களா? ஸ்கோரில் ‘பியானோ’ என்று இருந்தால், பக்கத்திலேயே ‘மெதுவா’ என்று எழுதி வைத்திருப்பீர்கள். தமிழில் ‘மெதுவா’ என்றால் சத்தம் குறைவு, வேகம் குறைவு ரெண்டுமே வரும். ஆனால் பியானோ, சத்தத்தை மட்டும்தான் குறைக்கச் சொல்கிறது. வேகத்தையும் குறைத்தால் தாளம் போச்சு!

ஏன் இத்தாலியச் சொற்கள்?

17-ம் நூற்றாண்டில் இத்தாலிய இசைக்கலைஞர்கள் ஸ்கோரில் எழுதிய குறிப்புகள், இசையோடு சேர்ந்து ஐரோப்பா முழுக்கப் பரவின.

வடசென்னைக்கும் இதில் ஒரு பழைய கதை உண்டு. மணலியில் வாழ்ந்த காலத்தில் முத்துசுவாமி தீட்சிதர், ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்டதாகச் சொல்வார்கள். அந்த மேற்கத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரிகள் போட்டார். சுமார் 40 பாடல்கள். ‘நோட்’ என்ற ஆங்கிலச் சொல் ‘நோட்டுஸ்வரம்’ ஆனது இப்படித்தான்.

எப்படிப் படிக்கலாம்?

அவரைப் போல முதலில் காதால் கேளுங்கள். பிறகு உங்கள் தமிழில் எழுதுங்கள்.

பியானோ: சத்தம் கம்மி
ஃபோர்ட்டே: சத்தம் அதிகம்
லென்டோ: வேகம் கம்மி
அலெக்ரோ: கலகலப்பான வேகம்
கிரெசென்டோ: சத்தம் கொஞ்சம் கொஞ்சமா ஏறணும்

அந்த ‘மெதுவா’வை மட்டும் இன்றைக்கே அடித்துவிடுங்கள்.